ஆயிரத்து இருபத்திரண்டிலிருந்து பதின்மூன்று

வீட்டில் வரும், பலகையில் வராது

"வீட்டுல நல்லாத்தான் போட்டான் சார். நேத்து ராத்திரி அஞ்சு கணக்கையும் தப்பில்லாம போட்டான்."

பெற்றோர் கூட்டம் நடக்கும் எந்தப் பள்ளியிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் நம்புவதில்லை. பெற்ற பாசம் பேசுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த அம்மா சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நேற்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போட்ட கணக்கு, இன்று காலை நாற்பது பேர் பார்க்க, கையில் சாக்பீஸோடு நிற்கும்போது வரவில்லை. காது மடல் சுடுகிறது. உள்ளங்கை ஈரமாகிறது. ஆசிரியர் சொல்வதில் பாதி காதில் விழுவதில்லை. கடைசி பெஞ்சில் யாரோ அடக்கிக்கொண்டு சிரிப்பது மட்டும் துல்லியமாகக் கேட்கிறது.

பள்ளியை முடித்தாலும் இது விடுவதில்லை. நேர்காணலில் தான் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பையே மறந்து நிற்பவர்கள் உண்டு. கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்ததும் மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, பிறகு பல வருடம் அந்தக் குடும்பத்தின் விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. மூளை அதேதான், விஷயமும் அதேதான். நடுவில் என்ன நுழைந்தது?

பயம் என்று உடனே பதில் சொல்லத் தோன்றும். எதைப் பற்றிய பயம்? பிரம்பே இல்லாத பள்ளியிலும் இது நடக்கிறது. நேர்காணல் நடத்துபவர் அடிக்கப்போவதில்லை. அங்கே இருப்பதெல்லாம் கண்கள்தான். பிறர் கண்ணில் தாழ்ந்துவிட்டோம், அல்லது இதோ தாழப்போகிறோம் என்று தோன்றும் நொடியில் எழும் உணர்ச்சியை இந்த அத்தியாயம் முழுக்க 'அவமான உணர்வு' என்று அழைப்போம். புதுப்பெண்ணின் வெட்கம் இதற்குத் தூரத்துச் சொந்தம். அதை இங்கே விட்டுவிடலாம்.

இந்த உணர்வு மனதோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய், வியர்வைச் சுரப்பி, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னச் சுரப்பி, நோய் எதிர்ப்பு அமைப்பு என்று உடம்பின் பல வாசல்களைத் தட்டுகிறது. அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எப்படி அளந்தார்கள் என்பதே ஒரு கதை.

ட்ரியர் நகரத்து அறை

ட்ரியர் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பழைய ரோமானிய நகரம். கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளமென்ஸ் கிர்ஷ்பாம், கார்ல்-மார்ட்டின் பிர்கே, டிர்க் ஹெல்ஹாமர் ஆகிய மூவரும் 1993-ல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். உலகெங்கும் மன அழுத்த ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதிகம் புழங்கும் முறைகளில் அது ஒன்று. அதற்கு ஊசி வேண்டாம், மின்னதிர்ச்சி வேண்டாம். ஓர் அறையும் மூன்று நாற்காலியும் போதும்.

நீங்களே அந்தச் சோதனைக்குப் போயிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் எச்சிலைக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். வாயில் ஒரு பஞ்சுருளையைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள். பிறகு இன்னோர் அறை. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே மைக், பக்கத்தில் வீடியோ கேமரா. ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதற்கு நீங்களே ஏற்றவர் என்று 5 நிமிடம் பேசி இவர்களை நம்பவைக்க வேண்டும் என்கிறார்கள். உடல்மொழியைக் கவனிப்பதில் இவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்றும் சொல்லிவைக்கிறார்கள். தயார்செய்ய 10 நிமிடம் தருகிறார்கள். குறிப்பு எழுதிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே போகும்போது அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பேசத் தொடங்குகிறீர்கள். அந்த மூவரும் உங்களைத் திட்டுவதில்லை, சிரிப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை. சும்மா பார்க்கிறார்கள். தலையாட்டுவது, "ம்" கொட்டுவது, புன்னகைப்பது எதுவும் கிடையாது. அப்படி இருக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி. மூன்றாவது நிமிடத்தில் உங்களிடம் சரக்கு தீர்ந்துபோகிறது. அவர்கள் காத்திருக்கிறார்கள். "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்கிறார் ஒருவர்.

அது முடிந்ததும் இரண்டாம் கட்டம். 1022-லிருந்து 13-ஐக் கழித்துக்கொண்டே போக வேண்டும், சத்தமாக, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. 1009, 996, 983, 970... தவறினால் "தவறு. 1022" என்று ஒரு குரல் வரும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி 5 நிமிடம்.

வெளியே வந்த பிறகு விட்டு விட்டு எச்சில் எடுக்கிறார்கள். அதில் தேடுவது கார்டிசால் என்ற ஹார்மோனை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதாலமஸ், அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரிக்குச் சேதி அனுப்புகிறது. பிட்யூட்டரி ரத்தத்தின் வழியாகச் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சேதி அனுப்புகிறது. அது கார்டிசாலைச் சுரக்கிறது. இந்த அஞ்சல் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால்தான் சோதனை முடிந்து, அப்பாடா என்று உட்கார்ந்த பிறகே கார்டிசால் உச்சத்துக்குப் போகிறது. கார்டிசால் நஞ்சில்லை. தினமும் காலையில் நம்மை எழுப்பிவிடுவதில் அதற்கும் பங்கு உண்டு. நெருக்கடியில் அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கி, தசைக்கும் மூளைக்கும் தீனி போடுகிறது. இப்போதே தேவைப்படாத வேலைகளைத் தள்ளிப்போடுகிறது.

ட்ரியர் அறையிலிருந்து வெளியே வந்தவர்களின் எச்சிலில் கார்டிசால் 2 முதல் 4 மடங்குவரை ஏறியிருந்தது. கழித்தல் கணக்குக்காக!

எடைபோடும் கண்

கணக்குதான் காரணமா, பார்வையா? இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். பார்க்கும் ஆட்களை எடுத்துவிட்டால் போதும். பிற்பாடு அப்படியும் செய்தார்கள். காலியான அறையில் தனக்குத்தானே சத்தமாகப் பேசி, எளிய கணக்கும் போட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கார்டிசால் அப்படி எகிறவில்லை. 2013-ல் ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் இன்னொரு வகையைச் செய்துபார்த்தார்கள். கேட்பவர்கள் அறையில் இருக்கிறார்கள், ஆனால் சிரித்த முகத்தோடு, தலையாட்டிக் கேட்கிறார்கள். அப்போதும் கார்டிசால் அஞ்சல் கிளம்பவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நம்மைப் பார்ப்பதால் மட்டும் உடம்பு கலங்குவதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எடைபோடும் கண்ணாக அது இருக்க வேண்டும்.

சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2004-ல் இதைப் பெரிய அளவில் உறுதிப்படுத்தினார்கள். அதுவரை பல ஆய்வுக்கூடங்களில் நடந்திருந்த 208 அழுத்தச் சோதனைகளை ஒன்றாகக் கோத்துப் பார்த்தார்கள். அவற்றில் காதைத் துளைக்கும் இரைச்சல் உண்டு, மனதைக் கலங்கடிக்கும் சினிமாக் காட்சி உண்டு, புதிர் உண்டு, மேடைப் பேச்சு உண்டு. இரைச்சலும் சினிமாவும் கார்டிசாலைப் பெரிதாக அசைக்கவில்லை. அதிகம் ஏற்றியதும், இறங்க அதிக நேரம் பிடித்ததும், இரண்டு அம்சங்கள் சேர்ந்த சோதனைகள்: பிறர் எடைபோடுகிறார்கள், என்ன செய்தாலும் அதை மாற்ற நம் கையில் எதுவும் இல்லை. கரும்பலகை முன் நிற்கும் பையனுக்கு இரண்டும் பொருந்தும்.

அதே ஆண்டில் தாரா குரூனவால்டும் சகாக்களும் 81 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலர் பேச்சையும் கணக்கையும் ஆட்கள் முன்னிலையில் செய்தார்கள், மற்றவர்கள் தனியாக. ஆட்கள் முன்னால் செய்தவர்களுக்குத்தான் கார்டிசால் ஏறியது. அவர்களுக்குள்ளும் யாருக்கு அவமான உணர்வு கூடுதலாக இருந்ததோ, அவர்களுக்குக் கார்டிசாலும் கூடுதலாக ஏறியது. பதற்றம் பொதுவானதுதான். ஆனால் இந்த ஹார்மோன் அவமானத்தின் பின்னாலேயே போனது.

சிலேட்டில் இடமில்லை

கார்டிசால் உச்சத்துக்குப் போக அரை மணி நேரம் ஆகும் என்றால், கணக்கு அந்த நிமிடமே மறந்துபோவது ஏன் என்ற கேள்வி வரும். அதற்குக் காரணம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

1022-லிருந்து 13-ஐக் கழிக்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பாருங்கள். முதலில் 1022-ஐப் பிடித்து வைக்க வேண்டும். 10-ஐக் கழித்தால் 1012. இன்னும் 3 பாக்கி என்பதை மறக்கக் கூடாது. கழித்தால் 1009. இப்போது பழைய 1022-ஐயும் 1012-ஐயும் அழித்துவிட்டு 1009-ஐ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி 10, மறுபடி 3. இப்படிச் சில நொடிகளுக்கு மட்டும் எதையோ பிடித்து வைத்து அதன்மேல் வேலை செய்யும் திறனைக் கைநினைவு என்று சொல்லலாம். அது சின்னப் பிள்ளையின் சிலேட்டு மாதிரி. நாலைந்து விஷயத்துக்கு மேல் அதில் இடமில்லை, புதிதாக எழுதப் பழையதை அழித்தாக வேண்டும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் பெரும்பாலும் இதைப் பார்த்துக்கொள்கிறது.

இப்போது அதே சிலேட்டில் இவையும் வந்து ஏறுகின்றன: 'அவர் ஏன் எழுதுகிறார்?', 'குரல் நடுங்கிவிட்டதே', 'எல்லாருக்கும் தெரிந்திருக்கும்', 'காது சிவந்திருக்குமோ?' ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. பாக்கி 3 என்பது அழிந்துபோகிறது. பையனின் கணித அறிவு எங்கும் போகவில்லை. அது நீண்டகால நினைவில் பத்திரமாகவே இருக்கிறது. அதை எடுத்து விரித்து வைக்கத்தான் இடமில்லை.

இதோடு நரம்புகளின் வேதியியலும் சேர்ந்துகொள்கிறது. நெருக்கடியில் மூளைக்குள் நார்அட்ரினலின், டோபமின் என்ற இரண்டு பொருள்கள் வேகமாகப் பெருகுகின்றன. மிதமாக இருக்கும்போது இவை முன்மூளையைக் கூர்மையாக்கும். அளவு மீறினால் அதன் செயல்பாடே தளர்ந்துவிடும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அப்போது ஓட்டம், உறைதல், பழகிய அசைவு போன்ற பழைய வேலைகளைச் செய்யும் பகுதிகளின் கை ஓங்குகிறது. புலி துரத்தும்போது இது நல்ல ஏற்பாடு. கழித்தல் கணக்குக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. "ஏன்டா மரம் மாதிரி நிக்கிற?" என்று ஆசிரியர் மறுபடி அதட்டும்போது, சிலேட்டில் மிச்சமிருந்த ஓர் இடமும் போகிறது.

கறுத்த முகமும் சிவக்கும்

சார்லஸ் டார்வின் 1872-ல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய நூலில், முகம் சிவப்பதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். மனித வெளிப்பாடுகளிலேயே மிகவும் மனிதத்தன்மை வாய்ந்தது இதுதான் என்று கருதினார். உலகின் பல மூலைகளில் இருந்த மிஷனரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பிச் செய்தி திரட்டினார். வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இது உண்டா என்ற கேள்வி அன்று சூடாக இருந்தது. மருத்துவர் பர்ஜஸ் என்பவர் பதிவு செய்திருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை டார்வின் எடுத்துக்காட்டினார். அவர் முகத்தில் ஒரு தழும்பு. யாராவது திடீரென்று அதட்டினால், சின்னக் குற்றம் சாட்டினால், அந்தத் தழும்பு மட்டும் சிவந்துவிடும். மற்ற இடங்களிலும் ரத்தம் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. தோலின் நிறம் அதை மறைத்தது. நம் ஊரில் 'முகம் சிவந்தது' என்பதைவிட 'முகம் சுட்டது' என்பது இன்னும் பொருத்தம். வெப்பமானிக்கு நிறம் தெரியாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பயத்தில் அட்ரினலின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கை சில்லிடுவதும் முகம் வெளுப்பதும் அதனால்தான். பிறகு ஏன் அவமானத்தில் முகம் மட்டும் எதிர்த்திசையில் போகிறது? ஒரு காரணம் முகத்தின் சிரைகளில் இருக்கிறது. மற்ற இடத்துத் தோலில் இருப்பது போலன்றி, முகச் சிரைகளில் அட்ரினலின் வந்து தொட்டால் விரிந்து கொடுக்கும் ஏற்பிகள் இருப்பதை 1980-களில் கண்டறிந்தார்கள். கூடவே கன்னத்தில் ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக, தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. மறைந்துகொள்ளத் துடிக்கும் நேரத்தில் உடம்பு முகத்தில் விளக்கேற்றி வைக்கிறது.

2024-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மிலிட்சா நிகோலிச்சும் சகாக்களும் ஒரு குறும்பான சோதனையை வெளியிட்டார்கள். இளம்பெண்களைக் கரோக்கி பாடவைத்துப் படம் எடுத்தார்கள். பாடக் கொடுத்தது வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த கஷ்டமான பாடல்கள். இன்னொரு நாள் அவர்களை மூளை வருடிக்குள் படுக்கவைத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, கன்னத்தின் வெப்பத்தை அளந்தார்கள். பிறர் பாடுவதைப் பார்த்ததைவிடத் தான் பாடுவதைப் பார்த்தபோது கன்னம் கூடுதலாகச் சூடேறியது எதிர்பார்த்ததுதான். 'மற்றவர் என்ன நினைப்பார்' என்று கணக்குப்போடும் மூளைப் பகுதிகளில்தான் வேலை அதிகம் இருக்கும் என்றும் எதிர்பார்த்திருக்கலாம். அது நடக்கவில்லை. வேலை தெரிந்தது சிறுமூளையில். முகம் சூடேற, பிறரைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது போதும்.

பார்வையில்லாத ஜூடோ வீரர்கள்

முகத்தைவிடத் தோள் இன்னும் வெளிப்படையாகப் பேசும். கூனிக் குறுகுவதை நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? பெரியவர்களைப் பார்த்தா? உளவியலாளர்கள் ஜெசிகா டிரேசியும் டேவிட் மாட்சுமோட்டோவும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாட்டு வீரர்கள் அவற்றில் இருந்தார்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும் அவர்களில் உண்டு. தோற்ற ஒருவரைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்கள். தோற்றதும் அவர்கள் தோள்களும் சரிந்தன, நெஞ்சு ஒடுங்கியது, மற்ற வீரர்களுக்கு நடந்ததைப் போலவே.

இதில் நான் ரசிப்பது இன்னொரு விவரத்தை. பார்வையுள்ள வீரர்களில் அமெரிக்கா போன்ற மேற்கு நாட்டவர்கள் தோற்றபோது அந்தச் சரிவைக் குறைவாகவே காட்டினார்கள். அதே நாடுகளைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையில்லாத வீரர்கள் மறைக்காமல் காட்டினார்கள். ஆக, குறுகுவது உடம்போடு வந்தது. அதை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பதைத்தான் ஊர் கற்றுக்கொடுத்திருக்கிறது.

உடம்போடு வந்தது என்றால் அதற்கு ஒரு பயன் இருந்திருக்க வேண்டும். சிறு கூட்டமாக அலைந்து வாழ்ந்த காலத்தில், கூட்டத்தின் கண்ணில் மதிப்பிழந்தவருக்கு வேட்டையில் பங்கு குறையும், நோயில் துணை குறையும். தீயைத் தொட்டால் வலி எச்சரிப்பது போல, மதிப்பு சரியப்போகிறது என்று எச்சரிக்க ஒன்று தேவைப்பட்டது என்கிறார் உளவியலாளர் டேனியல் ஸ்னைசர். 2016-ல் அமெரிக்கா, இந்தியா, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளிலும் பிறர் கண்ணில் மதிப்பைக் குறைக்கக்கூடிய செயல்களின் ஒரே பட்டியலை அவர் குழு கொடுத்தது. ஒரு சாராரிடம், இப்படிச் செய்தவரை எவ்வளவு மட்டமாக நினைப்பீர்கள் என்று கேட்டார்கள். வேறொரு சாராரிடம், நீங்களே செய்திருந்தால் எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று கேட்டார்கள். இரண்டு சாராரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் முதல் சாரார் கொடுத்த மதிப்பெண்ணும் இரண்டாம் சாரார் கொடுத்த மதிப்பெண்ணும் ஒன்றையொன்று நெருக்கமாகப் பின்தொடர்ந்தன. ஊர் எவ்வளவு தாழ்த்தும் என்பதை உள்ளே இருக்கும் தராசு முன்கூட்டியே சரியாக நிறுத்து வைத்திருக்கிறது.

தவறு தேவையில்லை

இந்தத் தராசு நிறுப்பது பிறர் பார்வையைத்தான், நம் செயலை அல்ல என்றால், ஒரு சங்கடமான முடிவுக்கு வந்து சேர்கிறோம். தவறே செய்யாதவருக்கும் அவமான உணர்வு வர வேண்டும்.

வருகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் தெரெசா ராபர்ட்சனும் ஸ்னைசரும் மற்றவர்களும் ஒரு விளையாட்டை வைத்தார்கள். குழுவாக ஆட வேண்டும், ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள பணத்தில் விரும்பியதைப் பொது நிதிக்குப் போடலாம். பிறகு சிலரிடம், மற்றவர்கள் உங்களைக் குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அது உண்மையான தீர்ப்பு இல்லை, ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தது. அதிகமாகப் பணம் போட்டவர்கள்கூட, விலக்கப்பட்டதும் அவமானமாக உணர்ந்தார்கள். கோபம் வந்திருந்தால் நியாயம். அவர்கள் கூசினார்கள்.

குற்றவுணர்ச்சியும் அவமானமும் பிரியும் இடம் இது. 'நான் செய்தது தப்பு' என்பது செயலைப் பார்க்கிறது. மன்னிப்புக் கேட்கலாம், உடைத்ததை ஒட்டலாம். 'நான் மட்டமானவன்' என்பதற்கு ஒட்டவைக்கும் இடம் எதுவும் இல்லை, ஒளிந்துகொள்ள மட்டுமே தோன்றும். ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1971-லேயே இந்த வேறுபாட்டை எழுதி வைத்தார். மார்பில் கட்டியோ மூலமோ இருந்தும் மருத்துவரிடம் காட்டக் கூசி மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. வறுமையும் அப்படித்தான். ராபர்ட் வாக்கரும் சகாக்களும் பிரிட்டன், நார்வே, சீனா, இந்தியா, பாகிஸ்தான், தென்கொரியா, உகாண்டா ஆகிய ஏழு நாட்டு ஏழைகளிடம் பேசி 2013-ல் எழுதினார்கள். வருமானமும் வீடும் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டன. அவமானம் மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது. விசேஷத்துக்குப் போனால் மொய் எழுத வேண்டுமே என்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்பவரை நமக்கும் தெரியும்.

எல்லாருக்கும் ஆறுவதில்லை

ஒருமுறை ஏறி இறங்கும் கார்டிசாலால் பெரிய கேடு இல்லை. மேடை பழகிவிடும் என்று சொல்வதிலும் உண்மை உண்டு. கிர்ஷ்பாம் 1995-ல் 20 ஆண்களை ஐந்து நாள் அதே ட்ரியர் சோதனைக்கு உட்படுத்தினார். முதல் நாள் ஏறிய கார்டிசால், 13 பேருக்கு அடுத்தடுத்த நாட்களில் அடங்கிவிட்டது. மீதி 7 பேருக்கு அடங்கவே இல்லை. ஐந்தாம் நாளும் உடம்பு முதல் நாள் போலவே துள்ளியது. அந்த ஏழு பேரும் தங்களைப் பற்றித் தாங்களே தாழ்வான எண்ணம் வைத்திருந்தவர்கள். "நாலு தடவை எழுப்பிக் கேட்டா கூச்சம் தெளிஞ்சிடும்" என்ற வகுப்பறை வைத்தியம், யாருக்குத் தேவையோ அவர்களிடம்தான் பலிக்கவில்லை.

நடுராத்திரியில் பழைய அவமானம் ஒன்று நினைவுக்கு வந்து, போர்வைக்குள்ளேயே முகம் சுடுகிறதே, அதையும் சோதித்திருக்கிறார்கள். டிக்கர்சனும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தம்மையே குற்றம் சொல்லிக்கொண்ட அனுபவம் ஒன்றைத் தாளில் எழுதச் சொன்னார்கள். அறையில் எடைபோட யாருமில்லை, தாளும் பேனாவும்தான். எழுதியவர்களுக்கு அவமான உணர்வு கூடியது. உடம்பில் அழற்சி வேலை நடக்கிறது என்பதைக் காட்டும் ஒரு புரதமும் கூடியது. அழற்சி என்பது காயம் பட்டால், கிருமி புகுந்தால் நோய் எதிர்ப்பு அமைப்பு மூட்டும் தீ. காய்ச்சல் வந்தால் சுருண்டு படுத்து, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போவதும் அந்தத் தீயின் வேலைதான். அவமானப்பட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதும் பார்க்க அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வேர் இருக்குமா என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறு பையன்கள், ஒரு பட்டியல்

விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் கொடுப்பதும், கடைசியில் வருபவனின் தாளைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கொடுப்பதும் நம் பள்ளிகளில் நீண்டகாலம் நடந்த சடங்கு. குழந்தைக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் கூடாது என்று 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-ல் தமிழ்நாடு நிறுத்தியது. பலர் அன்று குறைப்பட்டுக்கொண்டார்கள். போட்டி இல்லையென்றால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. போட்டி வேறு, எடைபோடும் கண் வேறு என்பது என் கருத்து. இரண்டையும் பிரித்துக் காட்டிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களை அழைத்தார்கள். உயர்த்தப்பட்ட சாதியினர் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதியினர் 321 பேர். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, தாளில் அச்சடித்த வழிகண்டுபிடிப்புப் புதிர்களைக் கொடுத்தார்கள். எலி தானியத்துக்கு எந்தப் பாதையில் போகும் என்று சிறுவர் இதழில் வருமே, அந்த மாதிரி. எத்தனை முடிக்கிறார்களோ அதற்கேற்பக் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் முடித்தார்கள். வேறு குழுக்களில், தொடங்கும் முன் பையனின் பெயரையும் தகப்பன் பெயரையும் சாதியையும் ஆறு பேர் காதிலும் விழும்படி வாசித்தார்கள். கேட்டவர்களில் பலருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது.

இங்கே யாரும் எச்சிலை எடுக்கவில்லை, கன்னத்தின் வெப்பத்தை அளக்கவில்லை. தங்களை நடுநிலையாக மதிப்பிடமாட்டார்கள் என்ற அவநம்பிக்கையைத்தான் ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் கருதினார்கள். அதனால்தான் அவர்கள் இன்னொரு மாற்றத்தையும் செய்துபார்த்தார்கள். காசு யாருக்குக் கிடைக்கும் என்பதில் மனிதர்கள் கை வைக்க முடியாதபடி நடுவில் ஒரு குலுக்கலைக் கொண்டுவந்தார்கள். சாதியை இப்போதும் சத்தமாகவே வாசித்தார்கள், புதிர்களும் மாறவில்லை. இந்த முறை இரு தரப்புக்கும் இடையில் இருந்த இடைவெளி மறைந்துவிட்டது.